பகுதியும் தொகுதியும்: சென்னைத் தென்புறநகரில் வாக்குப்பதிவும் கட்சிச் சாய்வும்

1. கேள்வி

2021 ஏப்ரல் 6ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் 87.33 சதவீத வாக்குகள் பதிவாயின. மாநிலத்தில் அதுவே மிக அதிகம். பறக்கும் ரயிலும் பன்மாடிக் கட்டடங்களும் மென்பொருள் நிறுவனங்களும் சூழ்ந்த வேளச்சேரியில் 55.95 சதவீதம். மாநிலத்தின் மிகக் குறைந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் இப்படி ஒரு பட்டியல் வெளிவருகிறது. அதன் அடியில் சென்னையும் அதன் புறநகரும் கிடக்கின்றன. மறுநாளே தீர்ப்பும் வந்துவிடுகிறது: படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை, விடுமுறை விட்டால் மகாபலிபுரத்துக்குப் போகிறார்கள், குறைசொல்ல மட்டும் வாய் இருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் தேநீர்க் கடைகளிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் புறநகர்வாசிகளே இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பை மறுபடி விசாரிக்கிறது. பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பதைத் தொகுதி என்றும், கீழே இருப்பதைப் பகுதி என்றும் நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் சொல்லித்தருகிறது. வாக்குப்பதிவு சதவீதமும் ஒரு பின்னமே. மேலே வாக்களித்தவர் எண்ணிக்கை. கீழே பட்டியலில் பெயர் உள்ளோர் எண்ணிக்கை. நம் விவாதம் முழுதும் மேலே உள்ள எண்ணைச் சுற்றியே நடக்கிறது. கீழே உள்ள எண் சரிதானா என்று கேட்பவர்கள் குறைவு. புறநகரைப் பொறுத்தவரை அந்தக் கீழெண்ணில்தான் பெரும் கோளாறு இருக்கிறது என்பதும், கட்சிச் சாய்வைப் பற்றி நாம் சொல்லும் பலவற்றை அந்தக் கோளாறே வடிவமைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. களமும் தரவும்

ஆய்வுக்களம் சென்னையின் தென்புறநகர்: சோழிங்கநல்லூர், வேளச்சேரி, ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய 5 சட்டமன்றத் தொகுதிகள். ஒப்பீட்டுக்காக மேற்கே மதுரவாயல், அம்பத்தூர், ஆவடி ஆகியவை ஓரிடத்தில் வரும். இவற்றுள் சோழிங்கநல்லூர், வேளச்சேரி, பல்லாவரம் ஆகியவை 2008 தொகுதி மறுசீரமைப்பில் பிறந்தவை. 2011இல்தான் முதன்முதலாகத் தேர்தலைக் கண்டன.

புதுத் தொகுதிகள் ஏன் தேவைப்பட்டன என்பதை மக்கள்தொகைக் கணக்கு காட்டும். 2001க்கும் 2011க்கும் இடையே சென்னை மாவட்ட மக்கள்தொகை 7 சதவீதமே கூடியது. இந்தப் புறநகர்களில் பெரும்பகுதியை அப்போது உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும், திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் பெருகின. நகரம் உள்ளே நிரம்பிவிட்டதால் வெளியே வழிந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் வேலை வந்தது. வேலைக்குப் பின்னால் வீடுகள் வந்தன. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் இன்னும் பல இடங்களுக்கு வந்துசேரவில்லை. 2021 பட்டியலில் சோழிங்கநல்லூரில் மட்டும் 6.9 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மாநிலத்தின் மிகப் பெரிய தொகுதி அது. சென்னை நகரத்தின் துறைமுகம் போன்ற சிறிய தொகுதிகள் இரண்டு லட்சத்தை எட்டாதவை. ஒரே சட்டமன்ற உறுப்பினர் ஏறத்தாழ நான்கு துறைமுகம் தொகுதிகளுக்குச் சமமான வாக்காளர்களுக்குப் பொறுப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் விளங்கும்.

தரவுகள் தேர்தல் ஆணையம் வெளியிட்டவை. அவற்றைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலன்று இரவு மாநில வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என அறிவிக்கப்பட்டு, பின்னர் 69.46 ஆகக் குறைந்து, இறுதியில் 69.72இல் நின்றது. தென்சென்னைக்கு முதலில் சொல்லப்பட்டது 67.82, இறுதி எண் 54.17. முதல் நாள் செய்தியை நம்பி எழுதியவர்கள் நகரம் விழித்துக்கொண்டது என்று எழுதிவிட்டார்கள். ஆகவே இறுதி எண்களையே இங்கே கொள்கிறேன். சாவடிவாரியான வாக்குகளைத் தரும் படிவம் 20 ஆய்வாளருக்குக் கிடைக்கும் நல்ல கருவி. ஆனால் ஒரு சாவடியின் எண்ணைக் கொண்டு அங்கே வாழும் ஒரு மனிதரின் வாக்கை ஊகிப்பது பிழை. அந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே கட்டுரை முழுவதும் மனிதரின் மனத்தைவிட அவர் வாழும் சூழலைப் பற்றியே பேசுகிறேன்.

3. புறநகரில் வாழ்பவர் யார்?

புறநகர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு கூட்டத்தார் இருக்கிறார்கள். வாக்குச்சாவடியோடு ஒவ்வொருவருக்கும் உள்ள உறவு வேறு.

முதலில் ஊர்க்காரர்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம், நன்மங்கலம், சித்தாலப்பாக்கம், முடிச்சூர் ஆகியவை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். வயல் மனையாகி, மனை மாடியான பிறகும் கோயில் தெருவிலும் பழைய காலனியிலும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிறந்து, படித்து, ஓட்டுப் போடுவது ஒரே பள்ளிக்கூடத்தில். பூத் ஏஜென்ட் அவர்களுக்கு மாமன் மச்சான். அவர்கள் வராவிட்டால் பதினோரு மணிக்கே ஆள் வந்து கதவைத் தட்டும். இவர்கள் தெருக்களில் பதிவாகும் விகிதத்தையும் பாலக்கோட்டையும் அருகருகே வைத்தால் பெரிய வித்தியாசம் இராது என்றே கருதுகிறேன்.

அடுத்து மறுகுடியமர்த்தப்பட்டோர். 2000 முதல் கண்ணகி நகரும், அதன்பின் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களால் நிறைந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு அலை, 2015 வெள்ளத்துக்குப் பின் ஒரு அலை. வீட்டு ஒதுக்கீட்டு ஆணை ஒரு நாளில் வருகிறது. லாரியில் சாமான் ஏறுகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர் லாரியில் ஏறுவதில்லை. ஏழைகளே இந்தியாவில் அதிகம் வாக்களிப்பவர்கள் என்பதை 1990களிலிருந்தே தேர்தல் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. இந்த ஏழைகளுக்கோ சாவடி இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறிப் பழைய தெருவுக்குப் போய் வாக்களித்துத் திரும்புகிறவர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று எந்தச் சதவீதக் கணக்கும் சொல்லக் கூடாது.

அடுக்ககத்தில் சொந்த வீடு வாங்கியவர்கள் மூன்றாமவர்கள். மாதத் தவணை கட்டுகிறவர்கள். குடியிருப்போர் நலச் சங்கம் வைத்து, ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர், கழிவுநீர் எல்லாவற்றையும் தாமே ஏற்பாடு செய்துகொள்பவர்கள். அரசு அவர்களுக்குச் செய்வது குறைவு என்பதால் அரசிடம் அவர்கள் கேட்பதும் குறைந்துபோகிறது. 1957இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க அறிஞர் அந்தனி டவுன்ஸ், வாக்களிப்பதால் வரும் நன்மையையும் அதற்கு ஆகும் செலவையும் எடைபோட்டே குடிமகன் முடிவெடுக்கிறான் என்று வாதிட்டார். அந்த வாதம் இந்தியக் கிராமத்துக்குப் பொருந்துவதில்லை. வாயிற்காவலும் சொந்த ஜெனரேட்டரும் உள்ள வளாகத்துக்கு ஓரளவு பொருந்துகிறது. சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்கள் வார்டு தேர்தலுக்கு வராததைப் பலர் பார்த்திருப்பார்கள்.

நான்காமவர் வாடகைக்காரர். எண்ணிக்கையில் இவர்கள் பெருங்கூட்டம். பேச்சில் இவர்கள் இல்லை. வாடகை ஒப்பந்தம் 11 மாதம். சட்டமன்றத்தின் ஆயுள் 60 மாதம். ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம், மேடவாக்கத்திலிருந்து நாவலூர் என்று மூன்று வீடு மாறும் குடும்பம் சாதாரணம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவம் 8 கொடுக்க வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். ஒப்பந்த நகலைத் தரத் தயங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பகலில் வருகிறார். கணவனும் மனைவியும் அலுவலகத்தில். கதவில் பூட்டு, வாசலில் செக்யூரிட்டி. அவர் தம் பதிவேட்டில் ‘பூட்டிய வீடு’ என்று குறித்துவிட்டுப் போகிறார். அங்கன்வாடி வேலைக்கும் பள்ளி வேலைக்கும் நடுவே அலையும் அந்த அலுவலரைக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை.

4. ஊரில் இருக்கும் ஓட்டு

புறநகர் வாடகைக்காரரிடம் ‘உங்க ஓட்டு எங்கே?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: ‘ஊர்ல இருக்கு.’ திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ விழுப்புரத்திலோ, பெற்றோர் வீட்டு முகவரியில் அது இருக்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியில்தான் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருப்பது மட்டுமே வசிப்பதாகாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியே இருப்பதால் வசிப்பிடம் போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதினைந்து ஆண்டுகளாகப் பள்ளிக்கரணையில் வாடகைக்கு இருப்பவர் தம்மைத் தற்காலிகமாக வெளியூரில் இருப்பவராகவே உணர்கிறார் என்றால், அந்த உணர்வு பொய்யில்லை. குலதெய்வம் அங்கே, பங்காளிகள் அங்கே, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பிதழில் போடும் ஊர்ப்பெயர் அங்கே. ஓட்டை மாற்றுவது பட்டாவில் பேரை அடித்துவிடுவது போன்ற வலியைத் தருகிறது. ஊரில் யார் நிற்கிறார்கள், அவர் என்ன ஆள் என்பதும் தெரியும். புறநகரில் கவுன்சிலர் பெயர்கூடத் தெரியாது.

2019 ஏப்ரல் 17 இரவு கோயம்பேட்டில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மறுநாள் வாக்குப்பதிவு, அதற்கடுத்த நாள் புனித வெள்ளி. ஊர் திரும்ப ஆயிரக்கணக்கானோர் பேருந்து நிலையத்தில் திரண்டார்கள். பேருந்துகள் போதவில்லை. மறியல் செய்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஓட்டுப் போடப் பேருந்து கேட்டு அடி வாங்கியவர்கள் அந்தச் சென்னை வாசிகள். அவர்களில் சிலர் பெயர் சென்னையிலும் இருந்திருக்கும். மறுநாள் கணக்கில், அரியலூரிலும் பெரம்பலூரிலும் அவர்கள் வாக்களித்த குடிமக்கள். வேளச்சேரியிலோ வராதவர்கள்.

ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. நடைமுறையில் இருந்தது. கல்லூரி முடித்து வேலைக்கு வந்தபோது ஒரு முறை, திருமணத்துக்குப் பின் ஒரு முறை, வீடு வாங்கியபோது ஒரு முறை எனப் பெயர் சேர்ந்துகொண்டே போகும். பழையது நீங்குவதில்லை. நீக்கப் படிவம் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கள்ள ஓட்டுப் போடும் நோக்கம் இதில் அரிது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் பெயரும் பின்னத்தின் கீழெண்ணைப் பெருக்கி, விகிதத்தைச் சுருக்கியது.

தேர்தல் ஆணையத்துக்கும் இந்தச் சிக்கல் தெரியும். இடம்பெயர்ந்தவர் தாம் வாழும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க, 72 தொகுதிகளை ஒரே இயந்திரத்தில் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு மாதிரியை 2023 ஜனவரியில் கட்சிகள் முன் வைத்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. திட்டம் அப்படியே நின்றது.

5. பெயர் நீக்கம் சொல்லும் கணக்கு

2025 நவம்பர் 4இல் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்தக் கீழெண்ணை முதன்முறையாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலத்தின் 6.41 கோடிப் பெயர்களில் 97 லட்சத்துக்கு மேல் இல்லை. இறந்தவர் ஏறத்தாழ 27 லட்சம். முகவரியில் இல்லாதவரும் இடம்பெயர்ந்தவரும் 66 லட்சம். சென்னை மாவட்டத்தில் 40 லட்சத்திலிருந்து 25.79 லட்சமாகக் குறைந்தது. நூற்றுக்கு 36 பெயர் போயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்தில் 7 லட்சம் பெயர்கள், அதாவது நாலில் ஒன்று.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021இல் வேளச்சேரிப் பட்டியலில் நாலில் ஒரு பெயர் வெற்றுப் பெயராக இருந்திருந்தால், உண்மையில் அங்கே வாழ்ந்தவர்களிடையே வாக்குப்பதிவு 74.6 சதவீதம். அந்த ஆண்டு 73 சதவீதத்தை ஒட்டியிருந்த மாநிலச் சராசரியை அது தாண்டுகிறது. மாநிலச் சராசரியையும் அதே போல, 15 சதவீதப் பெயர்களைக் கழித்துத் திருத்தினால் அது 85க்கு மேல் போகும். ஆக, 17 புள்ளியாகத் தெரிந்த இடைவெளி 11 புள்ளியாகக் குறைகிறது. மறைவதில்லை. படித்தவர் பொறுப்பின்மை என்று பேச விரும்புவோர் இந்த 11 புள்ளிக்குள் நின்று பேசட்டும். அங்கே அவர்களுக்கு இடம் உண்டு. 2021இல் இருசக்கர வாகனத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கொண்டுசெல்லப்பட்ட விவகாரத்தால் வேளச்சேரியின் 92ஆம் சாவடியில் ஏப்ரல் 17 சனிக்கிழமை மறுவாக்குப்பதிவு நடந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைச் சாவடிக்கு, பட்டியலில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே வந்தார்கள். அலட்சியமே இல்லை என்று நான் வாதிடவில்லை.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. சென்னையில் நீக்கிய 36 சதவீதமும் சரியான நீக்கம் என்று வைத்து, 2021இல் மாவட்டம் பதிவுசெய்த 59 சதவீதத்தைத் திருத்திப் பாருங்கள். 92 சதவீதம் வரும். பாலக்கோட்டைவிட அதிகம். 2021க்குப் பின் இறந்தவர்களையும் வீடு மாறியவர்களையும் ஒதுக்கினாலும் இது நம்பத்தக்க எண் அன்று. அப்படியானால் நீக்கப்பட்டவர்களில் கணிசமானோர் உயிரோடு, அதே நகரில், வாக்குரிமையோடு இருப்பவர்கள். கணக்கெடுப்புப் படிவம் பூட்டிய வீட்டுக்குள் போகாததால் அவர்கள் பெயர் போயிற்று. படிவத்தோடு 2002, 2005 பட்டியல் விவரத்தையும் பொருத்திக் காட்ட வேண்டியிருந்தது. சோழிங்கநல்லூர் என்ற தொகுதியே அப்போது இல்லை. அந்த ஆண்டுகளில் பள்ளிச் சிறுவராக இருந்த மென்பொருள் பொறியாளர், தம் தந்தையின் பெயரைப் பழைய தொகுதியின் பாகம் எண்ணோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குழப்பம் நேராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

பட்டியலில் அதிகப் பெயர் இருந்தபோது புறநகர்வாசி சோம்பேறி எனப்பட்டார். பெயர்கள் வெட்டப்பட்டபோது வாக்குரிமை இழந்தவரானார். அடுத்த தேர்தலில் சதவீதம் தாவி ஏறும். அதை விழிப்புணர்வின் வெற்றி என்று யாரேனும் கொண்டாடினால் வாசகர் நம்ப வேண்டாம்.

6. கட்சிச் சாய்வு

புறநகர் எந்தக் கட்சிக்குச் சாய்கிறது என்று கேட்பவர்களுக்கு முதல் பதில்: எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாகச் சாய்வதில்லை.

2011இல் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்குப் போயின. சோழிங்கநல்லூர், வேளச்சேரி, பல்லாவரம், தாம்பரம் ஆகியவற்றில் அ.தி.மு.க.; ஆலந்தூரில் கூட்டணிக் கட்சியான தே.மு.தி.க. 2016இல் மாநிலம் அ.தி.மு.க.வை மீண்டும் ஆட்சியில் அமர்த்தியபோது, இந்த ஐந்தும் ஒன்றுவிடாமல் தி.மு.க.வுக்கு மாறின. இடையில் நடந்தது 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு முடிச்சூருக்குள்ளும் அனகாபுத்தூருக்குள்ளும் புகுந்தது. வேளச்சேரியில் படகு ஓடியது. அதே 2016இல் மேற்புறநகரில் மதுரவாயலும் அம்பத்தூரும் அ.தி.மு.க.வுக்கே போயின, ஆவடியை 1,395 வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க. தக்கவைத்தது. தென்புறநகரின் மாற்றத்துக்கு வெள்ளமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; சென்னை நகரத்தின் 16 தொகுதிகளில் 10ம் அந்த முறை தி.மு.க.வுக்கே போயின. இருந்தும், தெற்குக்கும் மேற்குக்கும் உள்ள இந்தப் பிளவை விளக்க வெள்ளத்தைவிடப் பொருத்தமான காரணத்தை நான் காணவில்லை. 2021இல் எட்டுத் தொகுதிகளும் தி.மு.க. அணிக்கு வந்தன. வேளச்சேரியில் வென்றது காங்கிரஸ்.

மக்களவைத் தேர்தல்களும் இதையே சொல்கின்றன. சோழிங்கநல்லூரும் வேளச்சேரியும் அடங்கிய தென்சென்னை 2009, 2014 ஆகிய இரு முறை அ.தி.மு.க.வையும் 2019, 2024 ஆகிய இரு முறை தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது. இரு பெரும் கட்சிகளுக்கு வெளியே தேடும் பழக்கம்தான் இங்கே நிலையாக இருப்பது. 2014இல் பா.ஜ.க. தென்சென்னையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்குப் பெற்றது. 2019இல் மக்கள் நீதி மய்யம் 1.35 லட்சம் பெற்றது. 2024இல் பா.ஜ.க. 2.9 லட்சம் வாக்குகளோடு அ.தி.மு.க.வை மூன்றாமிடத்துக்குத் தள்ளியது. நாம் தமிழர் கட்சியின் வாக்கும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கொள்கையில் எதிரெதிரான இந்தக் கட்சிகளுக்கிடையே புறநகரின் ஒரு பகுதி மாறி மாறிப் போவதைப் பார்த்தால், இதை வலம் என்றோ இடம் என்றோ வகைப்படுத்துவது வீண். மாவட்டச் செயலாளர், வட்டச் செயலாளர், பூத் கமிட்டி என்ற ஏணியில் எந்தப் படியிலும் தமக்கு அறிமுகம் இல்லாதவர்கள், அந்த ஏணியே இல்லாத கட்சியை நாடுகிறார்கள். அந்தக் கட்சியிடம் கதவைத் தட்டி அழைத்துப்போக ஆள் இல்லை. அதனால் இந்த மனநிலை கொண்டவர்களில் பலர் சாவடிவரை வருவதும் இல்லை. சாய்வும் வருகையும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

சோழிங்கநல்லூரின் 2021 முடிவு இதற்கு நல்ல சான்று. தி.மு.க. 1,71,558, அ.தி.மு.க. 1,36,153, வித்தியாசம் 35,405. நாம் தமிழர் 39 ஆயிரத்தை ஒட்டியும், மக்கள் நீதி மய்யம் 30 ஆயிரத்தை ஒட்டியும் பெற்றன. பட்டியலில் இருந்து வாக்களிக்காத பெயர்கள் மூன்று லட்சத்தைச் சுற்றி. வென்றவரின் வாக்கைவிட வராதவர் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கு. அந்த மூன்று லட்சத்தில் எத்தனை வெற்றுப் பெயர், எத்தனை மனிதர் என்று தெரியாமல் தொகுதியின் அரசியல் சாய்வு இன்னது என்று உறுதிபடச் சொல்வது தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வதாகும். நாம் புறநகரின் சாய்வு என்று அழைப்பது, ஊர்க்காரர்கள், பெயர் மாற்றிக்கொள்ள முடிந்த மறுகுடியமர்வுக் குடும்பங்கள், சொந்த வீட்டுக்காரர்களில் ஒரு பகுதியினர் ஆகியோரின் சாய்வு.

7. உள்ளாட்சியில் விளைவு

2022 பிப்ரவரி 19இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22 சதவீதம் பதிவானது. ஊர் பெருகப் பெருக வாக்கு குறைகிறது. பெருநகர சென்னை மாநகராட்சியில் 44 சதவீதத்தைத் தொடவில்லை.

தென்புறநகருக்கு இதில் தனி வரலாறு உண்டு. 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சோழிங்கநல்லூரும் பெருங்குடியும் ஆலந்தூரும் மண்டலங்களாயின. தலைவரை வீட்டில் போய்ப் பார்க்கக்கூடிய ஊராட்சி போய், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வந்தது. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது 2021 நவம்பரில். பெரும்பாக்கம், மேடவாக்கம் போன்றவை பன்மாடிக் கட்டடங்களோடு ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் ஒரு தெரு மாநகராட்சி, அடுத்த தெரு ஊராட்சி. குப்பைக்கு யாரிடம் போவது என்று தெரியாத இடத்தில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதும் தெளிவாக இராது.

2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வேளச்சேரியும் நாள்கணக்கில் நீரில் நின்றன. நாலரை மாதம் கழித்து வந்த மக்களவைத் தேர்தலில் தென்சென்னையின் வாக்குப்பதிவு 54.17, 2019இல் அது 57ஐத் தொட்டிருந்தது. ஒரு தலைமுறையின் சேமிப்பை நனைத்த வெள்ளம்கூட வாக்குப்பதிவை ஏற்றவில்லை. சதுப்பு நிலத்தின் வடிகாலுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய வாடகைக்காரரின் ஓட்டு, கயத்தாற்றிலோ கறம்பக்குடியிலோ இருந்தது. கட்சிகளின் பூத் கணக்கில் அவர் இல்லை. அதனால் திட்டங்களின் முன்னுரிமையிலும் இல்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான்.

8. செய்யக்கூடியது

பட்டியலை வெட்டுவதைவிட, அதை மனிதர் பின்னால் நகரச் செய்வதே வேலை. 2022 முதல் பட்டியலில் பெயர் சேர்க்க ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. வீடு மாறுவோருக்குப் படிவம் 8 என்ற ஒரே படிவம் போதும். மறுகுடியமர்வு வீடுகளை ஒதுக்கும் அரசு வாரியம் சாவி கொடுக்கும் அன்றே, அதே மேசையில் அந்தப் படிவத்தையும் நிரப்பி வாங்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் பதிவாகும் இடத்திலும் அப்படியே.

ஆணையத்தின் நடைமுறையில் ஏற்கனவே ஒரு நல்ல விதி இருக்கிறது. வீடற்றவர் பெயரைச் சேர்க்க ஆவணம் கேட்பதில்லை. அவர் சொல்லும் இடத்துக்குச் சாவடி நிலை அலுவலர் இரவில் போய், அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்தால் போதும். நடைபாதையில் படுத்திருப்பவரைத் தேடி இரவில் போகச் சொல்லும் அந்த விதியை, பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் புறநகர் வாடகை வீடுகளுக்கும் ஆணையம் நீட்டிக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை காலையில், உரிய கூடுதல் படியோடு அலுவலர்களை அனுப்ப வேண்டும். ஒரு வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதுவதற்கு முன் ஒரு முறையேனும் இரவில் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.